சலீம் அலி: டிகிரி இல்லை, இருந்த வேலையும் போனது - இந்தியாவுக்குப் பறவை பார்க்கக் கற்றுத்தந்த மும்பைக்காரரின் கதை

தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே, சயான் - பாந்த்ரா லிங்க் ரோட்டை ஒட்டி ஒரு காடு இருக்கிறது. மித்தி ஆற்றின் கரையில் சுமார் 37 ஏக்கர். பெயர் மகாராஷ்டிரா நேச்சர் பார்க். தாராவியில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே உள்ளே போகாதவர்கள் நிறைய பேர். பஸ்ஸில் தினமும் கடந்து போயிருப்போம், அவ்வளவுதான்.

அந்த இடம் ஒரு காலத்தில் நகரத்தின் குப்பை மேடு. அங்கே ஒரு காட்டை உருவாக்கலாம் என்று 1970களில் ஒரு யோசனை எழுந்தது. 1983-ல் அந்தக் குப்பை மேட்டில் மரம் நடும் பணியைத் தொடங்கிவைக்க ஒரு பெரியவர் வந்தார். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தாடி, வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவர்தான் சலீம் அலி. இந்தியாவின் பறவை மனிதர் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்திருப்போமே, அவரேதான்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது, இன்றைக்கு வேலைக்குப் போய்க்கொண்டே வீக்எண்டில் கேமராவும் பைனாகுலரும் தூக்கிக்கொண்டு கிளம்பும் யாருக்கும் நெருக்கமான ஒரு கதை. பட்டம் வாங்காதவர். கேட்ட வேலை கிடைக்காதவர். கிடைத்த வேலையையும் முப்பது வயதுக்கு மேல் இழந்தவர். பொழுதுபோக்கு என்று மற்றவர்கள் நினைத்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டவர்.

ஏர்கன்னில் விழுந்த குருவி

சலீம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் பிறந்தார். சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமன் அமிருத்தீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும்தான் கேத்வாடி வீட்டில் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். சுதந்திரப் போராட்டத்தில் அறியப்பட்ட அப்பாஸ் தயாப்ஜியும் இவருக்கு மாமா முறைதான்.

மாமா ஒரு வேட்டைப் பிரியர். பையனுக்கும் கையில் ஒரு ஏர்கன் கிடைத்தது. குருவிகளைச் சுட்டு வீழ்த்துவதுதான் விளையாட்டு. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் ஒருநாள் அப்படி விழுந்த ஒரு குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பார்ப்பதற்கு வீட்டுச் சிட்டுக்குருவி மாதிரியேதான். ஆனால் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது.

இது என்ன குருவி என்று மாமாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல், தெரிந்த இடத்துக்கு அவனை அனுப்பினார். அந்த இடம் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி. 1883-ல் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய இயற்கை ஆர்வலர்களின் சங்கம் அது. சுருக்கமாக பிஎன்எச்எஸ்.

அப்போது அதன் கௌரவச் செயலாளராக இருந்தவர் டபிள்யூ.எஸ். மில்லார்ட் என்ற ஆங்கிலேயர். காகிதப் பொட்டலத்தில் செத்த குருவியோடு வந்து நின்ற சிறுவனை அவர் விரட்டிவிடவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அத்தோடு நிற்காமல், இழுப்பறைகளைத் திறந்து சங்கத்தில் பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகம் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பாடம் பண்ணுவது எப்படி என்று கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

பிற்காலத்தில் எழுதிய சுயசரிதைக்கு சலீம் அலி வைத்த பெயர் தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ. 1985-ல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பில் இருப்பது இந்தக் குருவிதான்.

பர்மாவில் பிசினஸ், பம்பாயில் அக்கவுண்டன்சி

இதற்குப் பிறகு எல்லாம் சினிமா மாதிரி நேராகப் போயிருக்கும் என்று நினைத்தால், அப்படி இல்லை.

படிப்பில் பையன் சுமார்தான். அடிக்கடி தலைவலி வேறு. மெட்ரிகுலேஷனை 1913-ல் தட்டுத்தடுமாறித் தேறினார். சேவியர்ஸ் கல்லூரியில் சேர்ந்தவர் பாதியிலேயே விட்டுவிட்டு பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். தவாய் பகுதியில் குடும்பத்துக்கு வுல்ஃப்ரம் சுரங்கத் தொழிலும் மரத் தொழிலும் இருந்தன. அவற்றைக் கவனித்துக்கொள்வதுதான் வேலை. சுரங்கத்தைச் சுற்றி அடர்ந்த காடு. கணக்கைப் பார்த்ததை விடக் காட்டைப் பார்த்ததுதான் அதிகம்.

1917-ல் பம்பாய் திரும்பினார். வீட்டில் சொன்னபடி வணிகச் சட்டமும் கணக்கியலும் படிக்க தாவர் கல்லூரியில் சேர்ந்தார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் சொன்னார்கள் என்று ஒரு கோர்ஸில் சேர்ந்திருக்கிறோம்? அதே கதைதான். நல்லவேளையாக, சேவியர்ஸில் தாவரவியல் வல்லுநராக இருந்த பாதிரியார் எத்தல்பர்ட் பிளாட்டர் இவருடைய ஆர்வத்தைக் கவனித்தார். விலங்கியலும் சேர்த்துப் படி என்று தூண்டினார். காலையில் கணக்கு, அப்புறம் விலங்கியல் என இரண்டு பக்கமும் ஓடினார். பல்கலைக்கழகப் பட்டம் என்று ஒன்று கடைசிவரை வாங்கவில்லை. 1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார்.

மாதம் 350 ரூபாய் வேலை

பட்டம் இல்லாததன் விலை சீக்கிரமே தெரிந்தது. ஜூவாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவில் பறவையியல் வல்லுநர் பதவி ஒன்று காலியானது. அவர் வாழ்க்கையில் எதிர்பார்த்த வேலை அதுதான். பட்டம் இல்லை என்ற காரணத்தால் கிடைக்காமல் போனது.

1926-ல் வேறொரு கதவு திறந்தது. பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளர். மாதச் சம்பளம் 350 ரூபாய். காலா கோடா பக்கம் போனால் இன்று நாம் பார்க்கும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயாதான் அந்த மியூசியம். வருகிறவர்களுக்கும் மாணவர்களுக்கும் பாடம் செய்யப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் காட்டி விளக்க வேண்டும்.

இரண்டு வருடத்தில் அது அலுத்துவிட்டது. கண்ணாடிக்குள் இருக்கும் பறவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதை விட, முறையாகக் கற்றுக்கொண்டு வெளியே போக நினைத்தார். 1928-ல் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார். பெர்லின் விலங்கியல் மியூசியத்தில் இருந்த எர்வின் ஸ்ட்ரெசெமான் அன்றைய உலகின் மிக முக்கியமான பறவையியலாளர்களில் ஒருவர். பட்டம் எங்கே என்று அவர் கேட்கவில்லை. சேர்த்துக்கொண்டார். சலீம் அலி வாழ்நாள் முழுக்க குரு என்று நினைத்தது அவரைத்தான். வடகடலில் உள்ள ஹெலிகோலாண்ட் தீவில் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கே போய் வருகின்றன என்று கண்டுபிடிக்கும் முறையையும் நேரில் கற்றார்.

1930-ல் உலகத் தரமான பயிற்சியோடு பம்பாய் திரும்பினால், வேலை இல்லை. நிதிப் பற்றாக்குறை என்று அவருடைய பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்து மூன்றைத் தாண்டிவிட்டது. குடும்பம் இருக்கிறது. அடுத்து என்ன என்று தெரியாது.

கிஹிம் கிராமத்துத் தூக்கணாங்குருவி

செலவைக் குறைக்க வேண்டும். தெஹ்மினாவும் அவரும் பம்பாயை விட்டுக் கடலுக்கு அக்கரையில், அலிபாக் பக்கம் இருக்கும் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடி போனார்கள். இன்றைக்கு கேட்வேயில் படகு பிடித்து மாண்ட்வா இறங்கி, வீக்எண்ட் ட்ரிப் போகும் அதே கிஹிம்தான்.

மழைக்காலம் தொடங்கியது. வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட ஆரம்பித்தன. நம்மூர்க் கிணற்றோரப் பனையிலும் ஈச்ச மரத்திலும் தொங்குமே, அதே கூடு. வேலை இல்லாத மனிதருக்கு நேரம் மட்டும் நிறைய இருந்தது. உட்கார்ந்து பார்த்தார். நாள்கணக்கில், மணிக்கணக்கில். எந்தக் குருவி எப்போது வந்தது, எந்தக் கூடு எந்த அளவில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே இருந்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு கூடு என்றுதான் தோன்றும். அவர் கண்டது வேறு. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டி நிறுத்திவிடுகிறது. பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. பிடித்தால் ஒரு பெண் உள்ளே குடியேறுகிறது. அதன் பிறகுதான் ஆண் மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும், ஆண் பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டை ஆரம்பித்து, அடுத்த துணையைத் தேடுகிறது. ஒரே பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்கள்.

பிஎன்எச்எஸ் இதழில் வந்த இந்தக் கட்டுரை அவருக்குப் பறவையியல் உலகில் பெயர் வாங்கித் தந்தது. ஆய்வுக்கூடம் கிடையாது, கிராண்ட் கிடையாது. ஒரு மரம், ஒரு நோட்டு, ஒரு மழைக்காலம். வேலை போகாமல் இருந்திருந்தால் அந்த மரத்தடியில் அவர் உட்கார்ந்திருக்கவே மாட்டார் என்பதும் உண்மை. ஆனால் வேலை போன எல்லோருக்கும் கிஹிம் கிடைத்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். படித்த, வசதியான, பெரிய உறவு வட்டம் அவருக்குப் பின்னால் இருந்தது.

சம்பளம் வேண்டாம், செலவு மட்டும் போதும்

அடுத்து அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. இந்தியாவின் பல பகுதிகளில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்ற முறையான பட்டியலே அன்று இல்லை. குறிப்பாக சமஸ்தானங்களில். சலீம் அலி ஒரு யோசனையை முன்வைத்தார். தனக்குச் சம்பளம் வேண்டாம், முகாமுக்கும் பயணத்துக்கும் ஆகும் செலவைக் கொடுத்தால் கணக்கெடுப்பைத் தானே செய்து தருவதாகச் சொன்னார்.

முதலில் ஹைதராபாத் ஒப்புக்கொண்டது. 1931-32ல் அங்கே வேலை. 1933-ல் திருவிதாங்கூர், கொச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில்தான் இருந்தது என்பதால், தென்கோடித் தமிழ் மண்ணும் அந்தக் கணக்கெடுப்பின் எல்லைக்குள் வந்தது. பிறகு குவாலியர், இந்தூர், போபால் என்று வரிசையாக. மாட்டு வண்டி, கூடாரம், காட்டு பங்களா என ஆண்டுக்கணக்கில் அலைந்தார்.

இந்த முகாம்களில் கூடவே இருந்தவர் தெஹ்மினா. இங்கிலாந்தில் படித்தவர். நகர வாழ்க்கைக்குப் பழகியவர். ஆனாலும் கூடாரத்துக்குள் குடித்தனம் நடத்தினார். கணவர் எழுதியதைப் படித்துப் பார்த்து மொழியைச் செம்மைப்படுத்தவும் உதவினார். சலீம் அலியின் ஆங்கிலம் எளிமையாகவும் தெளிவாகவும் இருக்கிறது என்று இன்றும் பாராட்டுகிறார்களே, அதில் அவருடைய பங்கும் உண்டு.

1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. பாந்த்ரா பாலி ஹில்லில் இருந்த சகோதரி கமூவின் வீட்டுக்குப் போனார். பெரும்பகுதி வாழ்க்கை அதன் பிறகு அங்கேதான்.

எல்லோருக்குமான ஒரு புத்தகம்

இரண்டு வருடம் கழித்து, 1941-ல் தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ் வெளிவந்தது. அதற்கு முன்பும் பறவைப் புத்தகங்கள் உண்டு. பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகள், தங்களைப் போன்றவர்களுக்காக எழுதியவை. இந்தப் புத்தகம் பறவை பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு சாதாரண மனிதரைப் பார்த்துப் பேசியது. என்ன அளவு? சிட்டுக்குருவியை விடப் பெரிதா, மைனா அளவா, காகம் அளவா? வால் எப்படி? எங்கே பார்த்தீர்கள்? இப்படிப் படிப்படியாக அழைத்துப் போகும்.

சனி, ஞாயிறில் பறவை பார்க்கப் போவது என்ற பழக்கம் இந்திய நடுத்தர வர்க்கத்துக்குள் நுழைய இந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம். டேராடூன் சிறையில் இருந்த நேரு, மகள் இந்திராவுக்கு இதன் ஒரு பிரதியைக் கொடுத்தனுப்பினார். சிறையிலிருந்து வந்த அந்தப் புத்தகம் பின்னாளில் நாட்டுக்கே உதவியது. அதற்குக் கொஞ்சம் பிறகு வருவோம்.

அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகள் கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதி வரும்போது சலீம் அலிக்கு வயது எழுபதுக்கும் நன்றாக மேலே.

துப்பாக்கியா, கேமராவா?

இந்த இடத்தில் ஒரு சங்கடமான விஷயத்தையும் பேசிவிட வேண்டும். பறவைகளின் காவலர் என்று நாம் கொண்டாடும் இவர், ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டவர். கணக்கெடுப்பு என்றாலே அன்று சுட்டு, தோலை உரித்து, சீட்டு கட்டி, மியூசியத்தில் வைப்பதுதான். இரண்டு பறவை ஒன்றுதானா வேறுவேறா என்று முடிவு செய்ய அதைவிட்டால் வழி இல்லாத காலம். அறிவியலுக்காக அளவோடு எடுப்பதால் ஒரு இனம் அழிந்துவிடாது, அது வாழும் இடத்தை அழித்தால்தான் அழியும் என்பது அவர் கருத்து. இன்றைய இளம் பறவை ஆர்வலர் ஒருவருக்கு இது உறுத்தலாம். உறுத்துவதில் தப்பில்லை. ஆனால் அந்த இழுப்பறைகள் இல்லாமல் நம் கையில் இருக்கும் எந்தப் பறவைக் கையேடும் இல்லை.

கேமரா அவருக்குப் பக்கத்தில் வந்தது ஒரு நண்பர் மூலம். லோக் வான் தோ, சிங்கப்பூரின் சினிமா தொழிலதிபர். 1942-ல் ஜப்பானியப் படைக்குத் தப்பிக் கிளம்பிய கப்பல் குண்டுவீச்சில் மூழ்க, கடும் தீக்காயங்களுடன் பிழைத்து இந்தியா வந்தவர். பம்பாயில் சலீம் அலியைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து பல பயணங்கள் போனார்கள். இவர் நோட்டில் குறிப்பார், அவர் மறைவுக் கூடாரத்துக்குள் மணிக்கணக்கில் காத்திருந்து படம் எடுப்பார். பயணங்களுக்கு லோக் பண உதவியும் செய்தார். ஆசியாவின் முன்னோடிப் பறவைப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவராக மதிக்கப்படும் அவர், 1964-ல் தைவானில் விமான விபத்தில் இறந்தார்.

அதே காலத்தில் சென்னையில் மா. கிருஷ்ணன் என்ற தமிழர், கறுப்பு வெள்ளையில் யானைகளையும் மான்களையும் படமெடுத்து, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தார். துப்பாக்கி இருந்த தோளில் கேமரா ஏறிய தலைமுறை அது.

மோட்டார் சைக்கிள் பைத்தியம்

பறவைக்கு அடுத்து அவருக்குப் பிடித்தது பைக். பர்மாவில் ஒரு என்எஸ்யூவில் ஆரம்பித்தது. அப்புறம் ஹார்லி டேவிட்சன், டக்ளஸ், ஸ்காட், சன்பீம் என்று நீண்டது பட்டியல். 1950-ல் சுவீடனின் உப்சாலாவில் சர்வதேசப் பறவையியல் மாநாடு நடந்தது. தன் சன்பீமை பம்பாயில் கப்பலேற்றி, ஐரோப்பாவில் இறக்கி, அதிலேயே சுற்றினார். பிரான்ஸில் ஒரு சின்ன விபத்து, ஜெர்மனியின் கல் பாவிய தெருக்களில் சில சறுக்கல்கள். மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, இந்தியாவிலிருந்தே பைக்கில் வந்துவிட்டார் என்று அங்கே ஒரு பேச்சு பரவியிருந்ததாம். அப்போது அவருக்கு வயது 53!

தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரைக்கு குளிர்காலத்தில் போயிருக்கிறீர்களா? வடக்கிலிருந்து வரும் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும் சதுப்பு நிலம். 1960களின் தொடக்கத்தில் அதன் முக்கியத்துவத்தை எடுத்துச் சொன்னவர் சலீம் அலி. 1967-ல் அது சரணாலயம் ஆனது. பிஎன்எச்எஸ் அங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி, வலசைப் பாதையை ஆராய்ந்து வருகிறது. ஹெலிகோலாண்டில் கற்ற பாடம் கோடியக்கரைக்கு வந்த கதை இது.

இன்னொன்று தேனி மாவட்ட மேகமலை. 1948-ல் அங்கே பிடிபட்ட ஒரு பழந்தின்னி வௌவாலை, வேறொரு சாதாரண வகை என்று நினைத்து பிஎன்எச்எஸ் சேகரிப்பில் வைத்திருந்தார்கள். தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அது முற்றிலும் புதிய இனம் என்று கண்டுபிடித்து, 1972-ல் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் அரிய உயிரினம் அது. அவர் மறைவுக்குப் பிறகு, 1990-ல் கோவையில் சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் உருவானது. ஆனைகட்டி மலையடிவாரத்தில் இருக்கிறது.

காப்பாற்றிய இடங்கள்

ராஜஸ்தானின் பரத்பூர் ஏரி, மகாராஜாக்களும் வைஸ்ராய்களும் வாத்து சுடும் களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு சலீம் அலிக்கு 42-வது பிறந்தநாள்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ஏரியை வடித்து விளைநிலமாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சுற்றுவட்டார விவசாயிகளின் தேவை பொய்யல்ல. ஆனால் தண்ணீர் போனால் பறவையும் போகும். சலீம் அலி நேரு வரை கொண்டுபோனார். ஏரி தப்பித்தது. இன்று அது கேவலாதேவ் தேசியப் பூங்கா. சுதந்திரத்துக்குப் பின் நிதியில்லாமல் பிஎன்எச்எஸ் தள்ளாடியபோதும் அவர் நேருவுக்குத்தான் எழுதினார். சங்கம் பிழைத்தது.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டம் வரவிருந்தபோது, நேரில் போய்ப் பார்த்து, கைவிடச் சொன்ன குரல்களில் அவருடையதும் ஒன்று. அப்போது பிரதமர், அவர் புத்தகத்தைப் படித்த இந்திரா காந்தி. திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண். 1967-ல் பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கம், பிரிட்டிஷ்காரர் அல்லாத ஒருவருக்கு முதல்முறையாக. கெட்டி பரிசாகக் கிடைத்த தொகையைக் கொண்டு இயற்கைப் பாதுகாப்புக்கு ஒரு நிதியம் தொடங்கினார். பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினர். 1987-ல், 90 வயதில் மும்பையில் காலமானார்.

சரி, மும்பையில் எங்கே, எப்போது பார்ப்பது?

அவர் காட்டிய வழியில் தொடங்க லீவு போட வேண்டாம். பருவத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

குளிர்காலமும் கோடைத் தொடக்கமும் பூநாரைகளுக்கு. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் ஆறாவது ஸ்டேஷன் சிவ்ரி. அங்கும், செம்பூரை ஒட்டிய மாஹுல் பக்கமும், தானே சிற்றோடை நெடுகிலும் சேற்றுப் பரப்பில் இளஞ்சிவப்பு வரிசையைப் பார்க்கலாம். சேற்றில் வளரும் பாசிதான் அவற்றின் உணவு. அந்த நிறமும் உணவிலிருந்து வருவதுதான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் வந்த வருடங்கள் உண்டு. 1945-ல் பூநாரைகளின் இனப்பெருக்கக் காலனியைப் பார்க்க சலீம் அலி கட்ச் ரண் பாலைவெளி வரை போக வேண்டியிருந்தது. நமக்கு லோக்கல் டிக்கெட் போதும். கிளம்பும் முன் அன்றைய கடல் ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முழுசாக இறங்கிவிட்டால் பறவைகள் தூரத்துக்குப் போய்விடும்.

ஜூனில் முதல் மழையோடு சுடலைக்குயில் வரும். போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் ஆறுமணிக்குருவியின் குரல் கேட்கும். ஜூலை, ஆகஸ்டில் தூக்கணாங்குருவிக் கூடு பார்க்க நகரத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே போனாலே போதும். மழை விட்டதும் வாலாட்டிக் குருவிகள் வந்து இறங்கும். நவம்பர் 5 முதல் 12 வரை மகாராஷ்டிராவில் பறவை வாரம். கடைசி நாள் இவருடைய பிறந்தநாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள், ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஊர்க் குளத்தங்கரையில் நின்றே கலந்துகொள்ளலாம்.

முதலில் பெரிய லென்ஸ் வாங்க வேண்டும் என்று இல்லை. சுமாரான பைனாகுலரும் ஒரு நோட்டும் போதும். என்ன பறவை, எத்தனை, எங்கே, என்ன செய்தது, எத்தனை மணி. கிஹிமில் அவர் செய்ததும் அதுதான். இன்று அந்தக் குறிப்பை ஈபேர்ட் செயலியில் போட்டால், ஆய்வாளர்களுக்குப் பயன்படும் தரவாகிவிடும். படம் எடுக்கப் போனால் கூட்டுக்கு அருகே போகாதீர்கள். மொபைலில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். வேறொரு பறவை தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று பதறி, அது இரை தேடுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டுவிட்டு ஓடிவரும். ஒரு நல்ல ஃப்ரேமுக்கு அது அதிக விலை.

என்ன பறிபோகிறது?

2024 மே மாதம் காட்கோபரில் தரையிறங்க வந்த விமானத்தில் மோதி 39 பூநாரைகள் இறந்தன. சதுப்பு நிலங்கள் குறையக் குறைய, பறவைகள் இடம் தேடி அலைவது கூடும் என்பது சூழலியலாளர்களின் கவலை. சிவ்ரி சேற்றின் மேலேயே இன்று அடல் சேது பாலம் போகிறது. தானே சிற்றோடைக்கு 2015-ல் சரணாலயம், 2022-ல் ராம்சர் என்று பாதுகாப்பு கிடைத்தாலும், நகரத்தின் மற்ற ஈரநிலங்களுக்கு அந்த அந்தஸ்து இல்லை. வேலைக்குப் போக ரோடும் பாலமும் நமக்கும்தான் வேண்டும். அதனால் இது யாரோ ஒருவரைக் குற்றம் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் என்ன இருந்தது என்று எழுதி வைத்தவர்கள் இருந்தால்தான், அது போகும்போது கேட்கவாவது முடியும். சலீம் அலியின் கணக்கெடுப்புகள் செய்த வேலை அதுதான்.

தாராவிக் குப்பை மேட்டில் மரம் நட்ட நான்கு வருடத்தில் அவர் போய்விட்டார். பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது 1994-ல். காடாக அதை அவர் பார்க்கவில்லை. இன்று அங்கே குக்குறுவான் கூவுகிறது, மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது, மேலே பருந்து வட்டமிடுகிறது. மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்குள் போய்விட்டு வந்துவிடலாம். பெயர் தெரியாத ஒரு குருவியாவது கண்ணில் படும். படட்டும். அவருக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.